கணக்கு நம்முடையது, பெயர் அவர்களுடையது

தீபாவளி நெருங்கினால் தேக்காவில் மட்டும் கூட்டம் கூடுவதில்லை. நம் கைப்பேசிகளிலும் ஒரு சந்தை கூடிவிடுகிறது. முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, மருதாணி, ரவிக்கை வேலைப்பாடு, பலூன் அலங்காரம் என்று வீவக வீடுகளின் சமையலறையிலும் வரவேற்பறையிலும் நடக்கும் தொழில்கள் இன்ஸ்டகிராமிலும் டிக்டாக்கிலும் வாட்ஸ்அப்பிலும் கடை விரிக்கின்றன. கடை வாடகை கட்ட வசதியில்லாத ஒருவருக்கு இது நல்ல வாய்ப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தத் தொழில்களில் பலவற்றை நடத்துபவர்கள் நம் அம்மாக்கள், அத்தைகள், சித்திகள். ஆனால் அவற்றுக்கு விளம்பரம் செய்பவர்கள் யார்? “நீதான் படிக்கிற பிள்ளை, கொஞ்சம் போட்டு விடேன்” என்று சொல்லிக் கைப்பேசியை நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நானும் அப்படித்தான் என் அத்தையின் முறுக்கு வியாபாரத்துக்கு ‘விளம்பர மேலாளர்’ ஆனேன். சம்பளம், வாரம் ஒரு டப்பா முறுக்கு. என் நண்பர்களில் பலருக்கும் இதே வேலை, இதே சம்பளம்.

சமூக ஊடகத்தில் பதிவு போடத் தெரிவது வேறு, ஒரு தொழிலை விளம்பரம் செய்யத் தெரிவது வேறு. நம் சொந்தப் பக்கத்தில் ஏதாவது தவறாகிவிட்டால் அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒரு தொழிலின் பக்கத்தில் அப்படிச் செய்ய முடியாது. கணக்கை நடத்துபவர் நாமாக இருந்தாலும், கெடுவது மாவு பிசைந்தவரின் பெயர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. இவ்வளவு சிறிய சமூகத்தில் ஒருவரைப் பற்றிய நல்ல சொல்லும் சீக்கிரம் பரவும், கெட்ட சொல்லும் சீக்கிரம் பரவும்.

கடந்த சில மாதங்களாக இத்தகைய பக்கங்களைக் கவனித்து வந்ததில், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகள் சில உண்டு.

எண்ணிக்கை மயக்கம்

முதலாவது, பின்தொடர்பவர்களை விலை கொடுத்து வாங்குவது. சில வெள்ளி கொடுத்தால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிடுகிறார்கள். பக்கம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட முறுக்கு வாங்கப் போவதில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அவை ஆளில்லாத கணக்குகள். பார்ப்பவர்கள் ஒரு பதிவில் நின்று பார்க்கிறார்களா, பகிர்கிறார்களா என்பதை வைத்தே அதை இன்னும் பலருக்குக் காட்டலாமா என்று இந்தத் தளங்கள் முடிவெடுக்கின்றன. ஆளில்லாத கணக்கு எதையும் பகிராது. ஆகவே, வாங்கிய கூட்டம் நமக்கு உதவாததோடு, நம் பதிவு உண்மையான வாடிக்கையாளரைச் சென்று சேர்வதையும் கடினமாக்கலாம்.

அந்தக் கூட்டம் நிலைப்பதும் இல்லை. 2014 டிசம்பரில் இன்ஸ்டகிராம் போலிக் கணக்குகளைக் களையெடுத்தபோது, பாடகர் ஜஸ்டின் பீபரின் பக்கத்திலிருந்தே ஏறத்தாழ 3.5 மில்லியன் பின்தொடர்பவர்கள் காணாமல் போனார்கள். பயனீட்டாளர் சங்கத்தின்கீழ் செயல்படும் சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டி நெறிமுறைகளும், மோசடி வழிகளில் வரவேற்பைப் பெருக்கிக் காட்டக்கூடாது என்கின்றன. ஊர் பேர் தெரியாத 5,000 பேரைவிட, தெம்பனிசிலும் ஈசூனிலும் இருந்து வந்து வாங்கிப்போகும் 50 பேர் மேல். அடுத்த ஆண்டு அவர்கள் இன்னும் சிலரை அழைத்து வருவார்கள்.

பிறர் படம், பிறர் பாட்டு

இணையத்தில் கிடைக்கும் அழகான மருதாணிக் கையின் படத்தை எடுத்து, “எங்களிடம் முன்பதிவு செய்யுங்கள்” என்று எழுதிப் போடுவது இரண்டாவது பிழை. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் அதை உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். பெயரைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது, அனுமதியும் தேவை. சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்தப் படத்தை நம்பி வரும் மணப்பெண் தன் கையில் அதே வேலைப்பாட்டை எதிர்பார்ப்பார். அது வராவிட்டால் அவர் கோபப்படுவது படத்தைப் பதிவிட்ட நம்மிடம் அன்று. எதிரில் அமர்ந்து மருதாணி இடுபவரிடம்தான்.

பாட்டும் அப்படியே. புதிதாக வந்த திரைப்படப் பாடல் ஒலித்தால்தான் ரீல் எடுபடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நண்பர்களுக்காகப் போடும் காணொளிக்குக் கிடைக்கும் பாடல்கள் எல்லாம் வியாபார விளம்பரத்துக்கு உரிமை பெற்றவை அல்ல. தொழில் கணக்குகளுக்கென்று டிக்டாக் தனி இசைத் தொகுப்பே வைத்திருக்கிறது. உரிமையில்லாத பாடலைப் போட்டால் ஒலி நீக்கப்படலாம், காணொளியே அகற்றப்படலாம். கொதிக்கும் எண்ணெயில் முறுக்கு விழும் சத்தத்தைவிட முறுக்குக்கு நல்ல பின்னணி இசை வேண்டுமா என்ன?

அவர் வாயால் சொல்லாத வாக்குறுதி

மூன்றாவது பிழையைத்தான் நான் மிகக் கடுமையானதாக நினைக்கிறேன். பெரும்பாலான பக்கங்களில் விளம்பர வாசகங்களை நாம் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். தொழிலை நடத்தும் அத்தையோ சித்தியோ அவற்றை வாசிக்காமலே இருந்துவிடலாம். “சிங்கப்பூரிலேயே சிறந்தது”, “செயற்கைப் பொருள் எதுவுமே இல்லை”, “நீரிழிவு நோயாளிகளுக்கும் நல்லது” என்று நம் விரல்கள் தாராளமாக எழுதிவிடுகின்றன. இவை அவர் பெயரில் நாம் கொடுக்கும் வாக்குறுதிகள். அவற்றைக் காப்பாற்ற வேண்டியவர் அவர்.

ஓர் உணவுப்பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய நம் உணவு விதிமுறைகள் இடம் கொடுப்பதில்லை. முயிஸ் அமைப்பின் ஹலால் முத்திரையை அதன் அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம். பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் தருவதைப் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம் நியாயமற்ற செயலாகவே கருதுகிறது. பாதிக்கப்பட்டவர் 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். “இது சின்ன வியாபாரம்தானே” என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வியாபாரம் சின்னது என்பதற்காகப் பொய் சின்னதாகிவிடுவதில்லை.

பணமோ இலவசப் பொருளோ கொடுத்துப் பாராட்டுப் பதிவு வாங்கிவிட்டு, அதை மறைப்பதும் இதே வகைதான். தோழிகள் பத்துப் பேரை வைத்து, வாங்காத பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் அப்படியே. மறைத்து விளம்பரம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015 மார்ச்சில், சிங்டெல்லின் இளையர் கைப்பேசித் திட்டத்தைப் பிரபலப்படுத்த, குஷ்கிளவுட் என்ற நிறுவனம் வலைப்பதிவர்களை ஸ்டார்ஹப், எம்1 நிறுவனங்களைப் பற்றிக் குறை கூறி எழுதத் தூண்டியது வெளியில் தெரியவந்தது. சிங்டெல்லின் தலைமை நிர்வாகி போட்டி நிறுவனங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த விளம்பர நிறுவனத்துடனான தொடர்பையும் சிங்டெல் முறித்துக்கொண்டது. சிங்டெல்லுக்கு வேறு பல வழிகளில் வருமானம் இருந்தது, எழுந்துகொண்டது. ஒரே அடுப்பை நம்பியிருக்கும் வீட்டுத் தொழில் அப்படி ஓர் அடியைத் தாங்குமா?

விலை, நேரம், அளவு

“விலைக்கு டிஎம் செய்யவும்” என்ற வரியைப் பார்த்ததும் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். என்னைப்போல் பலர் இருப்பார்கள். விலை கேட்கக் கூச்சப்படுபவர்கள், ஆளுக்கு ஒரு விலை சொல்வார்களோ என்று சந்தேகப்படுபவர்கள், இரவு 11 மணிக்குக் கேள்வி அனுப்பிவிட்டு மறுநாள் வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். ஒரு டப்பா எத்தனை வெள்ளி, எத்தனை கிராம், வீட்டில் கொண்டுவந்து கொடுக்க எவ்வளவு, எந்தத் தேதியுடன் முன்பதிவு முடிகிறது என்ற நான்கு விவரங்களைப் பதிவிலேயே போட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் குறையும்.

அதைவிட ஆபத்தானது, செய்ய முடிந்த அளவை மறந்துவிட்டு விளம்பரம் செய்வது. என் அத்தையால் ஒரு நாளில் 40 டப்பாவுக்கு மேல் போட முடியாது. ஒரு காணொளி பலரைச் சென்றடைந்து ஒரே நாளில் 200 டப்பா கேட்டு வந்தால், மகிழ்ச்சியில் அத்தனை பேரிடமும் ‘பேநவ்’ மூலம் முன்பணம் வாங்கிப் போட்டுக்கொள்வதா? தீபாவளிக்கு முதல் நாள் வரை பொருள் போய்ச் சேராத வாடிக்கையாளர், காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பாராட்டிக்கொண்டிருக்க மாட்டார். “இந்த ஆண்டு முன்பதிவு முடிந்தது” என்று எழுதுவதில் அவமானம் ஏதும் இல்லை.

எண்களும் குறைகளும்

வாடிக்கையாளர் தந்த தொலைபேசி எண்ணை, அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது இன்னொரு வழக்கம். குழுவில் உள்ள மற்றவர்கள் அனைவருக்கும் அவர் எண் தெரிந்துவிடுகிறது. முகவரியும் பெயரும் தெரியும்படி உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை “மகிழ்ச்சியான வாடிக்கையாளர்” என்று பதிவிடுவதும் இதைப் போன்றதே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தொழில்களுக்கும் பொருந்தும். விளம்பரச் செய்தி வேண்டாம் என்போருக்காக 2014 முதல் ‘அழைக்க வேண்டாம்’ பதிவகமும் இருக்கிறது. அதில் பதிந்த எண்ணுக்கு அனுமதியின்றி வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்புவதும் தவறுதான். ஒரு வரி கேட்டு, ‘சரி’ என்று பதில் வந்த பிறகு சேர்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

குறை சொல்லும் கருத்தை உடனே அழித்துவிடுவதும் நம் தலைமுறையின் பழக்கமாகிவிட்டது. அழித்தவுடன் அவர் அதைத் தன் பக்கத்தில், இன்னும் கோபமாக எழுதுவார். “முறுக்கு நமத்துப் போயிருந்தது” என்று ஒருவர் எழுதினால், அதைத் தொழில் நடத்துபவரிடம் முதலில் சொல்ல வேண்டும். டப்பா மூடி சரியில்லையா, ஈரம் பட்டதா என்று அவருக்குத்தான் தெரியும். பிறகு அவருடைய பதிலை அதே இடத்தில் மரியாதையாக எழுத வேண்டும். அந்தப் பதிலை இன்னும் நூறு பேர் வாசிப்பார்கள்.

நம் மொழியில் ஒரு வரி

கடைசியாக, தமிழ். தமிழர்களுக்கு விற்கும் பொருளின் விளம்பரத்தில்கூட, கூகல் மொழிபெயர்ப்பில் வந்ததை அப்படியே ஒட்டும் பக்கங்களைப் பார்க்கிறேன். 2014இல் லாவ் பா சாட் உணவங்காடியின் பெயர்ப் பலகையில், ‘சாட்’ என்பது சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழில் ‘சனி’ என்று வந்தது. பயணத்துறைக் கழகம் மன்னிப்புக் கேட்டது. அன்று நாம் எல்லாரும் வருத்தப்பட்டோம். அதே தவற்றைப் பள்ளியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படித்த நாமே செய்யலாமா? இரண்டு வரிதான், நாமே எழுதலாம். சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்கலாம்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தால் வியாபாரம் மெதுவாகத்தானே வளரும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மெதுவாகத்தான் வளரும். ஆனால் வீட்டுச் சமையலறையில் நடக்கும் தொழில் ஒரே வாரத்தில் பத்து மடங்கு வளர வேண்டிய அவசியமும் இல்லை. அது அடுத்த தீபாவளிக்கும் நடக்க வேண்டும். தங்கையின் பள்ளிச் செலவோ வீட்டின் மின்கட்டணமோ அதை நம்பி இருக்கலாம்.

வீட்டுத் தொழிலுக்குக் கைகொடுக்கும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பதிவிடும் முன், நீங்கள் எழுதியதை அந்தத் தொழிலை நடத்துபவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். படம் யாருடையது, பாட்டு எங்கிருந்து வந்தது, யாருக்கெல்லாம் அனுப்பப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். “ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதே” என்று அவர் ஒரு வரியைத் தடுத்தால், அந்த வரியை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளரை மின்தூக்கியில் நேருக்கு நேர் பார்க்கப் போகிறவர் அவர்தான்.