கடற்கரை விடுதியில் கல்வி மாநாடு

ஆசிரியர்களுக்கு மாநாடு வேண்டுமா என்று எவரேனும் கேட்டால், வேண்டும் என்று முதலில் கை உயர்த்துபவன் நானாகத்தான் இருப்பேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். கற்பிப்பவன் தான் கற்பதை நிறுத்திய நாளிலேயே அவனது வகுப்பும் உயிரிழந்து போகிறது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆகவே மாநாடு என்னும் ஏற்பாட்டின் மீது எனக்கு வழக்கில்லை. அது கூடும் இடத்தின் மீதும், அதற்குப் பணம் தரும் கையின் மீதுமே என் வழக்கு.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. திருப்பாலைக்குடியில் விடியுமுன் பேருந்து ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் பயணம் செய்து, அந்த உல்லாச விடுதியை அடைந்தேன். நீச்சல் குளம், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி, நண்பகலிலும் விளக்கெரியும் குளிரூட்டிய மண்டபம்! சாளரத்துக்கு அப்பால் கடல் இருந்தது. உள்ளே படம் காட்டுவதற்காக அதையும் திரையிட்டு மறைத்துவிட்டார்கள். மூன்று நாள் மாநாட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? பின்தங்கிய பகுதிக் குழந்தைகளின் வாசிப்புத் திறன்!

பக்கத்து நாற்காலியில் இளம் ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். ஈராசிரியர் பள்ளியில் பணி. “இந்த மூன்று நாளும் உங்கள் வகுப்பை யாரம்மா பார்க்கிறார்கள்?” என்று கேட்டேன். “தலைமையாசிரியர் ஒருவர்தான் ஐயா. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்திருப்பார்” என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஏன் குனிய வேண்டும்? குனிய வேண்டியவர்கள் மேடையில் அல்லவா இருந்தார்கள்!

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே உண்டு. இருவரில் ஒருவரை அழைத்துக்கொண்டால் எஞ்சியிருப்பது பாதிப் பள்ளிக்கூடம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி வாய்ப்பு வேண்டும் என்கிறது. நல்லது, அந்த மணிகள் யார் பங்கிலிருந்து எடுக்கப்படுகின்றன என்று பார்க்க வேண்டாமா? நமது இராமநாதபுரம் மாவட்டம் 2018-இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு அளவுகோலாக வைத்தவற்றுள் கல்வியும் ஒன்று. அத்தகைய மண்ணின் பிள்ளைகள் தங்கள் ஆசிரியரை ஒரு நாள் இழப்பதும் சிறிய இழப்பன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை நான் அறிவேன். “மருத்துவர்கள் நட்சத்திர விடுதியில் கூடுகிறார்கள், வணிகர்கள் கூடுகிறார்கள். வாத்தியார் மட்டும் காலமெல்லாம் மரத்தடியில் குந்த வேண்டுமா?” என்று நண்பர் ஒருவர் என்னிடம் சினந்து கேட்டார். நியாயமான கேள்விதான். ஏழை வாத்தியார் என்று இரக்கப்பட்டே நம்மைக் காலமெல்லாம் சிறுமைப்படுத்திய உலகம் இது. ஆனால் மூன்று நாள் மெத்தையில் படுக்க வைத்து நான்காம் நாள் ஒழுகும் கூரைக்கு அனுப்பி வைப்பதா மரியாதை? அவர் இல்லாத நாளில் வகுப்பைப் பார்க்க மாற்று ஆசிரியரை அனுப்புங்கள், அது மரியாதை. அவரைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள், அது மரியாதை. அந்த மண்டபத்தில் மூன்று நாளும் பேசியவர்களில், அவ்வாண்டு ஒரு குழந்தைக்கேனும் அகரம் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

இனி, செலவுக்கு வருவோம். ஐந்து நட்சத்திர விடுதிகளில் கூட்டம் நடத்தலாகாது என்று மத்திய நிதியமைச்சகமே 2014-இல் சிக்கன ஆணை பிறப்பித்தது. அரசுப் பணத்துக்குத்தான் அந்த வேலி. தனியார் பணத்துக்கு வேலி ஏது? நான் கண்ட மாநாட்டில் மண்டபத்தின் வாயிலிலேயே கடைகள் விரித்திருந்தார்கள்: பாடக் குறிப்பேடு விற்பவர், கணினித் திரை விற்பவர், கைப்பேசிச் செயலி விற்பவர். விருந்துக்குப் பணம் தந்தவர்கள் அவர்களே. பிற்பகல் உரைகளும் அவர்களுடையவையே! விருந்து போட்டவன் சொல்லுக்கு விருந்துண்டவன் வாய் எதிர்வாதம் பேசுமா? பிள்ளை ஏன் எழுத்துக் கூட்டவில்லை என்ற கேள்விக்கு, இந்தச் செயலியை வாங்காததால் என்பதே அங்கு விடையாயிற்று.

பெருநகரத்தில் கூடிய மாநாடுகள் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. சர் சையது அகமது கான் 1886-இல் தோற்றுவித்த முகமதியக் கல்வி மாநாடு, 1901-இல் சென்னையில் கூடிற்று. அதை அடுத்து 1902-இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியைத் திறந்தது. அக்கல்லூரியில் பயின்றோர் நம் கடலோர ஊர்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! ஒரு மாநாட்டை அது விட்டுச்சென்றதைக் கொண்டே எடைபோட வேண்டும். நான் சென்ற மாநாடு எனக்கு விட்டுச்சென்றது ஒரு தோள்பையும் ஒரு சான்றிதழுமே.

ஆசிரியர்கள் உண்மையில் எங்கே கற்கிறார்கள்? 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியபோது, ஆந்திரத்து ரிஷி வேலியின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரிடம் சேர்ந்து படிக்கும் சின்னஞ்சிறு கூடங்கள் அவை. அங்கே பிள்ளைகளைக் கண்ணால் பார்த்துத் திரும்பினார்கள். சில ஆண்டுகளில் அம்முறை தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. அதன் குறை நிறைகளை எவரும் விவாதிக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்க முடியும் என்ற பாடம் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் இராமேசுவரத்துக்கே வாருங்கள். சிறுவன் அப்துல் கலாமின் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எவ்வாறு பறக்கிறது என்று பலகையில் படம் வரைந்து விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் சிறுவன். ஆசிரியர் சினக்கவில்லை, அன்று மாலையே வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளைக் காட்டிப் பாடத்தை நடத்தினார். தம் வாழ்வின் திசையை அந்த மாலைப் பொழுதே முடிவு செய்ததாகக் கலாம் பல மேடைகளில் நன்றியோடு கூறியிருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். அதுவும் கடற்கரை, இதுவும் கடற்கரை. அங்கே புரியவில்லை என்று சொல்ல ஒரு பிள்ளை இருந்தான். அந்தச் சொல்லைக் கேட்டுத் தம் பாடத்தைத் திருத்திக்கொள்ள ஓர் ஆசிரியர் இருந்தார். விடுதியின் கடற்கரையிலோ, அச்சொல்லைச் சொல்லும் உரிமையுள்ள ஒரே மனிதப்பிறவியை, அதாவது குழந்தையை, வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டோம்.

மாநாடு கூட்டும் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை எங்கள் ஊருக்கு வாருங்கள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, வலை காயும் கரையில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேளுங்கள். எந்த எழுத்தில் திக்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் உங்கள் ஆய்வுரையைப் படியுங்கள். அந்தி சாய்ந்ததும், வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் குறைகூறும் பிள்ளையின் வாப்பாவை, நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே கண்டு பேசுங்கள். படுக்கப் பாயும், உண்ணச் சோறும் மீனாணமும் தர எங்களில் எந்த வீடும் தயங்காது. அதற்கு எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டியதில்லை.