கால்நடை கேள்வி – பதில்: அம்மை கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஜெர்சி கலப்பினக் கறவை மாட்டுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். தீனி எடுக்கவில்லை. கழுத்து, முதுகு எல்லாம் கட்டி கட்டியாக எழும்பியுள்ளது. பால் பாதியாகிவிட்டது. முற்றுவதற்குள் புதன்சந்தைக்கு ஓட்டி விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்கு இந்தப் பாலைக் கொடுக்கலாமா? பக்கத்தில் இன்னொரு மாடும் கன்றும் நிற்கின்றன.
– ஒரு வாசகி, ராசிபுரம் வட்டம்

பதில்: அறிகுறிகளைப் பார்த்தால் இது தோல் கழலை நோய். பெரியம்மை என்றும் சொல்வார்கள். ஆட்டம்மை வகையைச் சேர்ந்த வைரஸால் வருவது. இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத்தில் ஏராளமான மாடுகளைப் பலி கொண்டது.

முதலில், மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி மூலம்தான் இது அதிகம் பரவுகிறது. சந்தையில் ஒரு மாடு நின்றால் பல ஊர்க் கொட்டகைகளுக்கு நோய் போகும். உங்களுக்கும் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். கவனித்துப் பார்த்தால் பெரும்பாலான மாடுகள் பிழைத்துவிடும்; பாலும் மெல்லத் திரும்பும்.

இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம். ஆனால் ஊசி போட்டிருந்தால், டாக்டர் சொல்லும் நாள்வரை அந்தப் பால் வேண்டாம். கன்றை ஊட்டவிடாமல், கறந்து காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள்.

நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி, தீனிக்கூடை தனியாக இருக்கட்டும். நல்ல மாட்டைக் கறந்த பிறகே இதைக் கறந்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாணம், மூத்திரம் தேங்கவிடாதீர்கள். மாலையில் வேப்பிலைப் புகை போடுங்கள்.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்தான் சிகிச்சை. 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். துணை மருந்தாக வெற்றிலை 10, மிளகு 10 கிராம், கல்லுப்பு 10 கிராம் அரைத்து, வெல்லம் சேர்த்து நாக்கில் தடவிக் கொடுக்கலாம். புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசுங்கள்.

நல்ல மாட்டுக்குத் தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி வர சுமார் மூன்று வாரம் ஆகும். அதனால் பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். மறைத்தால் நோய் ஊர் முழுக்கச் சுற்றி வரும்.