டாக்டருக்கு டாக்டர் சாட்சி

மாமல்லபுரத்துப் பட்டறையில் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன சிலை கை உடைந்து வந்து சேர்ந்தால் கொடுத்தவர் என்ன செய்வார்? இன்னொரு சிற்பியைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர் கல்லைத் தட்டிப் பார்த்து, உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்து, கல்லிலேயே விரிசல் இருந்தது, செய்தவன்மேல் குற்றமில்லை என்றோ, உளி தப்பி விழுந்திருக்கிறது, இதோ பார் தழும்பு என்றோ சொல்லுவார். கேட்கிறவருக்குச் சிற்ப வேலை தெரியாது. என்றாலும் தழும்பு கண்ணுக்குத் தெரியும். "நான் சிற்பி, நான் சொன்னால் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எந்தப் பைத்தியக்காரனும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

உடைந்தது கல்லாய் இல்லாமல் மனித உடலாய் இருந்துவிட்டால் மட்டும் இந்த நியாயம் ஏன் தலைகீழாக வேண்டும் என்று கேட்கிறோம்.

டாக்டர்மேல் நுகர்வோர் கோர்ட்டில் பிராது கொடுக்கலாமா என்பதே முதலில் பெரிய விவகாரமாய் இருந்தது. வைத்தியம் அந்தச் சட்டத்தில் சொன்ன சேவை ஆகாது என்று 1994-ல் சென்னை ஹைகோர்ட் சொல்லிற்று. 1995 நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளி, காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் சேவைதான் என்று தீர்த்தது. கதவு திறந்ததென்னவோ வாஸ்தவம். ஆனால் உள்ளே போனவனை "உன் பக்கம் சொல்ல ஒரு டாக்டர் உண்டா?" என்று கேட்டால், சதுரங்கப்பட்டினத்து மீன்பிடிக்காரரோ திருக்கழுக்குன்றத்துக் குடியானவரோ எங்கே போவார்? தனியே கேட்டால் "தப்பு நடந்துதான் இருக்கிறது" என்று தலையை ஆட்டும் டாக்டர், "அதையே எழுதிக் கொடுங்கள்" என்றால் எழுந்து போய்விடுகிறார்.

கிரிமினல் வழக்கிலோ இன்னும் கெடுபிடி. லூதியானாவில் 1995-ல் மூச்சுத் திணறிய நோயாளிக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்தார்கள். அது காலி என்பது பிராது. அவர் இறந்து போனார். இந்த வழக்கில்தான் 2005 ஆகஸ்ட் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட், டாக்டர்கள் மேலிருந்த கிரிமினல் வழக்கை ரத்துச் செய்து, ஆஸ்பத்திரிக்கு சிவில் பொறுப்பு இருக்கலாம் என்றது. இனிமேல் வேறொரு தகுதியுள்ள டாக்டரின் அபிப்பிராயம் இல்லாமல் தனியார் பிராதை ஏற்கக் கூடாது. போலீசாரும் கூடுமானவரை சர்க்கார் டாக்டரிடம் அபிப்பிராயம் வாங்க வேண்டும் என்றும் விதித்தது. காரணமில்லாமல் டாக்டர்களைச் சிறைக்கு இழுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. அதை நாமும் மறுக்கவில்லை. வியாதி தானாகவே கொல்லும். சாவு நடந்த இடத்திலெல்லாம் டாக்டரை அடிப்பது காட்டுமிராண்டித்தனம். ஆனால் செங்கல்பட்டில் போலீசார் கேட்கக்கூடிய இடம் 1965-ல் ஏற்பட்ட சர்க்கார் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. பிராதுக்குள்ளான டாக்டர் அங்கேயே படித்தவராய் இருந்தால்? எழுதுகிறவர் அவருக்குப் பாடம் சொன்னவராய் இருந்தால்? அங்கிருப்பவர்கள் யோக்கியர்களல்ல என்று நாம் சொல்லவில்லை. உறவு இருந்தால் சொல்லிவிட்டு எழுது என்றுதான் சொல்கிறோம்.

2009-ல் சுப்ரீம் கோர்ட்டின் இன்னொரு பெஞ்சு, நுகர்வோர் பிராதிலுங்கூட நிபுணரைக் கேட்ட பிறகே டாக்டருக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்றது. நல்லவேளை, அடுத்த ஆண்டே இது தடுக்கப்பட்டது. ஐதராபாத்தில் மலேரியாவுக்குப் பதில் டைபாய்டுக்கு மருந்து கொடுக்கப்பட்டு ஒருவர் மனைவியை இழந்தார். ஜில்லா கோர்ட் 2 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னதை, நிபுணர் சாட்சி இல்லையென்று மேலே ரத்துச் செய்தார்கள். 2010 மார்ச் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட், ஒவ்வொரு வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை என்று சொல்லி, ஜில்லா கோர்ட் தீர்ப்பையே நிலைநாட்டியது.

அப்படியானால் நிபுணரே வேண்டாமா? அப்படிச் சொல்வது மூடத்தனம். எழும்பூர் சர்க்கார் தாய்சேய் ஆஸ்பத்திரி வழக்கைப் பாருங்கள். 1996 ஆகஸ்டில், கருவில் 29-வது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். இன்குபேட்டரில் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அந்த மட்டும் பாராட்ட வேண்டியதே. ஆனால் இப்படிப்பட்ட குழந்தைக்கு விழித்திரை கெடக்கூடும் என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. கண்ணைப் பரிசோதிக்கவும் இல்லை. சில மாதங்கள் கழித்துத் தெரிந்தபோது பார்வை போயிருந்தது. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி நிபுணர்கள் கொடுத்த அறிக்கை என்ன சொல்லிற்று? குழந்தை பிறக்கும்போது இந்த வியாதி இல்லை. பிறந்து 2 முதல் 4 வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அப்போது பரிசோதித்தே ஆக வேண்டும் என்றது. இதைப் புரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். எதற்கு? காலண்டரும் ஆஸ்பத்திரிச் சீட்டும் போதும். பிறந்த தேதி, வெளியே அனுப்பிய தேதி, பரிசோதனை நடந்ததா இல்லையா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2009-ல் தேசிய கமிஷன் 5 லட்சம் கொடுத்தது. 2015 ஜூலை 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அதற்குள் அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது!

இதுதான் நிபுணர் சாட்சி. காரணம் சொன்னார்கள், காரணத்தை மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது. "சிகிச்சை முறைப்படியே நடந்தது, அஜாக்கிரதை இல்லை" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது சாட்சியமல்ல, மந்திரம். அர்த்தம் கேட்காதே, உனக்குப் படிக்க அதிகாரமில்லை என்ற பேச்சைப் புரோகிதரிடம் ஒப்புக்கொள்ளாத நாம், ஸ்டெதாஸ்கோப் மாட்டியவரிடம் மட்டும் ஒப்புக்கொள்வோமா? இங்கிலாந்தில் 1957-ல், தொழிலில் பொறுப்புள்ள ஒரு சாரார் ஒப்பும் முறைப்படி செய்தால் குற்றமில்லை என்றார்கள். அங்கேயே 1997-ல், அந்த ஒப்புதலும் பகுத்தறிவுக்கு நிற்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை திருத்திவிட்டது. நம் நாட்டிலும் நிபுணர் அபிப்பிராயம் 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் தொட்டு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் வரை, ஒரு சாட்சியமே தவிரத் தீர்ப்பல்ல.

தோழர்களே, ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இல்லாமல் எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் வருஷத்து மெடிக்கல் கவுன்சில் விதி சொல்கிறது. எழுத்து மூலமாய்க் கேளுங்கள். கேட்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் பிராதுக்குக் கெடு இரண்டே வருஷம்.

செங்கல்பட்டு ஜில்லா கமிஷனுக்கும் ஒரு வார்த்தை. நிபுணருக்கு அனுப்பும் கடிதத்தில், "என்ன செய்திருக்க வேண்டும், எப்போது செய்திருக்க வேண்டும், எந்தப் புத்தகப்படி, பிராதுக்குள்ளானவரை உங்களுக்குத் தெரியுமா" என்று நாலு கேள்வி சேர்க்க என்ன செலவாகும்?