ஒரு பாட்டும் பத்து ஆண்டு உழைப்பும்

ஒரே ஒரு பாட்டுப் பாடினான். மறுநாளே ஊரெல்லாம் அவன் பெயர்! இப்படிப்பட்ட கதைகளுக்குச் சங்கீத உலகில் பஞ்சமே இல்லை. காதுக்கு இனிக்கும் கதைகள்தான். ஆனால் அந்த ஒரு பாட்டுக்கு முன்னால் எத்தனை ஆண்டு கழிந்தது, அந்தப் பாட்டுக்குப் பின்னால் பிழைப்பு எப்படி நடந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், பாட்டுப் பாடும் பிள்ளைகளைப் பெற்ற வீடுகளில் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

டில்லியில் தோன்றி வளர்ந்த 'இண்டியன் ஓஷன்' என்ற இசைக்குழுவின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த 'கந்தீசா' என்ற பாட்டுதான் அந்தக் குழுவை நாடறியச் செய்தது. குழு தொடங்கியதோ 1990-ல். இடையில் பத்து ஆண்டு. அதன் பிறகு கால் நூற்றாண்டு ஆகியும் அந்தப் பெயர் மேடையை விட்டு இறங்கவில்லை.

டில்லித் தமிழர்களுக்கு இந்தக் கதை அந்நியமானதும் அல்ல. அந்தக் குழுவினர் பல ஆண்டு உட்கார்ந்து பயிற்சி செய்தது கரோல்பாகில், கஜூர் சாலையில் இருந்த ஒரு பழைய வீட்டில். மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக வந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பகுதி அது. ஒரு தெருவில் மிருதங்கமும் அடுத்த தெருவில் கிட்டாரும் கேட்ட பேட்டை என்று சொன்னால் தவறாகாது.

கதவு திறக்காத காலம்

கிட்டார் வாசித்த சுஸ்மித் சென், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் சந்தித்தது 1984-ல். ஆறு ஆண்டு கழித்துத்தான் குழு அமைந்தது. 1991-ல் ராகுல் ராம் பேஸ் கிட்டாருடன் வந்து சேர்ந்தார். அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நர்மதை அணையால் வீடு வாசல் இழக்கும் மக்களுக்காக நடந்த போராட்டத்தில் பங்கு கொண்டவர். 1994-ல் டிரம்ஸ் வாசிக்கும் அமித் கிலம் வந்தார். நால்வர் அணி அப்போதுதான் முழுமை பெற்றது.

1993-ல் எச்.எம்.வி. கம்பெனி இவர்களின் முதல் ஒலிநாடாவை வெளியிட்டது. 1997-ல் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து 'டெசர்ட் ரெயின்' என்ற தொகுப்பு வந்தது. சங்கீதம் தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். கல்லூரி விழாக்களில் கை தட்டினார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு பெயர் தெரியவில்லை.

இத்தனைக்கும் சினிமாவைச் சேராத பாட்டுகளுக்கு அந்த ஆண்டுகளில் நல்ல காலம். செயற்கைக்கோள் டெலிவிஷன் வந்துவிட்டது. நாள் முழுவதும் பாட்டுப் போடும் சேனல்களும் வந்துவிட்டன. 1995-ல் அலீஷா சினாயின் 'மேட் இன் இண்டியா' விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 1996-ல் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான ஹரிஹரன், லெஸ்லி லூயிசுடன் சேர்ந்து 'கலோனியல் கசின்ஸ்' என்ற பெயரில் வந்தார். 1998-ல் 'யூபோரியா' குழுவின் 'தூம்', 'சில்க் ரூட்' குழுவின் 'டூபா டூபா' இரண்டையும் இளைஞர்கள் முணுமுணுத்தார்கள்.

கம்பெனிகளுக்கு ஒரு சமையல் குறிப்பு கிடைத்துவிட்டது. எளிய இந்தி வார்த்தை, நான்கு நிமிடப் பாட்டு, அழகான முகம், கண்ணைப் பறிக்கும் படம். இந்தக் குறிப்புக்குள் கரோல்பாக் நால்வரும் அடங்கவில்லை. இவர்கள் பாட்டு நீளம். நடுவில் வார்த்தையே இல்லாமல் வாத்தியம் மட்டும் நெடுநேரம் பேசும். முன்னால் நிற்க ஒரு நட்சத்திர முகமும் கிடையாது. கம்பெனிக் கணக்குப்படி இவர்கள் தேறாத கேஸ்.

புரியாத மொழியில் ஒரு பிரார்த்தனை

2000-ல் டைம்ஸ் மியூசிக் கம்பெனி இவர்களின் ஏழு பாட்டுகளைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. தொகுப்பின் பெயரே 'கந்தீசா'. அதே பெயர் கொண்ட பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிவழியாகப் பாடி வரும் பழம் பிரார்த்தனையை அடிப்படையாகக் கொண்டது. மொழி அராமிக், ஏசுநாதர் பேசிய மொழி என்று சரித்திரம் சொல்லும் மொழி. 'கந்தீசா' என்றால் பரிசுத்தம் என்று பொருள்.

நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பாடியவர் ஒரு வங்காளி. பாடிய இடம் இந்தி பேசும் டில்லி. பாட்டு, கேரளத்து ஆலயத்திலிருந்து வந்தது. மொழியோ மேற்கு ஆசியாவில் பிறந்தது. கேட்ட கூட்டத்தில் ஆயிரத்தில் ஒருவருக்கும் அர்த்தம் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பாட்டுதான் கேட்டவர் நெஞ்சைப் பிடித்தது. கல்லூரி மைதானங்களில் பையன்களும் பெண்களும் அர்த்தம் தெரியாமலே சேர்ந்து பாடினார்கள்.

அதே தொகுப்பில் நர்மதைக் கரையின் நாட்டுப் பாடலை ஒட்டிய 'மா ரேவா' இருந்தது. பாட்டாளி மக்களுக்காக எழுதிய கவிஞர் கோரக் பாண்டேயின் பாட்டும் இருந்தது. இவை எவையும் சந்தையைக் கணக்குப் போட்டுத் தேடியவை அல்ல. வாழ்ந்த இடத்திலிருந்தும் நடந்த வழியிலிருந்தும் வந்து சேர்ந்தவை.

"ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி கொடு" என்பது வியாபாரிகளின் வேதம். அந்த வேதம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜனங்களுக்கு எது புரியும் என்று முடிவு கட்டும் உரிமையை வியாபாரி தானே எடுத்துக்கொள்கிறானே, அங்கேதான் தவறு. குரலில் உண்மை இருந்தால் கேட்பவன் மொழியின் மதிலைத் தாண்டி வந்துவிடுகிறான்.

இது அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். அதிர்ஷ்டமும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியபோது உள்ளே பத்து ஆண்டு பழகிய நான்கு பேர் தயாராக இருந்தார்கள். ஒருவர் கண் அசைத்தால் மற்றவர் தாளம் மாறும் அளவுக்குப் பழக்கம். அது ஒரு நாளில் வருவதில்லை. காசு கொடுத்து வாங்கவும் முடியாது.

புகழ் வந்த பிறகு

புகழ் பெற்ற பாட்டுக்காரனுக்கு வரும் முதல் சோதனை, அதே பாட்டை மறுபடி மறுபடி வேறு சட்டை போட்டு விற்பதுதான். தொண்ணூறுகளில் ஒரு பாட்டால் உயர்ந்த பலர் இந்தச் சோதனையில் விழுந்தார்கள். டெலிவிஷன் சேனல்கள் மீண்டும் சினிமாப் பாட்டுக்குத் திரும்பியதும் அவர்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

'இண்டியன் ஓஷன்' இன்னொரு 'கந்தீசா' செய்ய முனையவில்லை. 2003-ல் கபீர்தாசரின் பாட்டை எடுத்துக்கொண்டு 'ஜீனி' என்ற தொகுப்பைத் தந்தது. அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் பிரைடே' படத்துக்கு இசை அமைத்தது. பம்பாய் வெடிகுண்டு வழக்கைப் பற்றிய அந்தப் படம் கோர்ட்டுத் தடையில் சிக்கி 2007-ல்தான் திரைக்கு வந்தது. 'பந்தே' என்ற பாட்டு புதிய தலைமுறையைக் குழுவிடம் கூட்டிவந்தது. 2010-ல் 'பீப்லி லைவ்', 2015-ல் 'மசான்' என்று சினிமாவிலும் தன் குரலை மாற்றிக்கொள்ளாமலே இடம் பிடித்தது.

இதைவிடப் பெரிய சோதனை 2009 டிசம்பர் 25-ஆம் தேதி வந்தது. அஷீம் சக்ரவர்த்தி காலமானார். 'கந்தீசா'வைப் பாடிய குரல் போய்விட்டது. ஒரு குரலையும் ஒரு பாட்டையும் மட்டும் நம்பியிருந்த குழுவாக இருந்தால் அன்றே கடையை மூடியிருக்கும்.

குழு மூடவில்லை. அவர் ஒருவர் செய்த வேலையை இரண்டு பேர் ஏற்றார்கள். பாட ஹிமான்ஷு ஜோஷி வந்தார். தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி வந்தார். 2013-ல் சுஸ்மித் சென்னும் விலகினார். நிகில் ராவ் கிட்டாரை ஏந்தினார். ஆக, தொடங்கிய இருவருமே இல்லை. ஆனாலும் 2014-ல் 'தந்தானு' தொகுப்பு வந்தது. அதில் சங்கர் மகாதேவன் பாடினார். கஞ்சிரா செல்வகணேஷும் வயலின் குமரேஷும் வாசித்தார்கள். 2023-ல் 'து ஹை' வந்தது.

ஆட்கள் மாறியும் குழு நின்றதற்குக் காரணம் தேடித் திரிய வேண்டியதில்லை. தொடக்கம் முதலே தனி மனிதர் பெயர் முன்னால் நிற்கவில்லை. குழுவின் பெயரே நின்றது. நான்தான் பெரியவன் என்ற போட்டியில் எத்தனையோ குழுக்கள் உடைந்திருக்கின்றன. சேர்ந்து உழைக்கும் தொழிலாளிக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

சோறு போட்டது எது?

பாட்டு புகழ் தந்தது. சோறு போட்டது மேடை. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பாட்டைப் பதிவு செய்து கம்பெனிக்குக் கொடுத்தால் உரிமை பெரும்பாலும் கம்பெனிக்கே போய்விடும் என்பது நெடுநாள் வழக்கம். பாட்டெழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டியைப் பாதுகாக்கும் சட்டத் திருத்தம் 2012-ல்தான் வந்தது. அதற்குள் கேசட்டும் சி.டி.யும் வழக்கொழியத் தொடங்கிவிட்டன.

2010-ல் இந்தக் குழு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பயிற்சி செய்த கஜூர் சாலை வீட்டின் எண்ணையும் தெருவையுமே தலைப்பாக வைத்து, '16/330 கஜூர் ரோடு' என்ற தொகுப்பை மாதத்துக்கு ஒரு பாட்டாக இண்டர்நெட்டில் இலவசமாகக் கொடுத்தது. மறைந்த அஷீமின் குரல் அதில் ஒலித்தது. பாட்டு இலவசமாகப் பரவினால் ஆட்கள் கச்சேரிக்கு வருவார்கள். கச்சேரிக்குக் கூலி உண்டு. இதுதான் கணக்கு. ஊர் ஊராகப் போய், இரவெல்லாம் பிரயாணம் செய்து, மேடையில் நின்று வாசித்துச் சம்பாதித்த காசு அது.

குமாஸ்தா வீட்டுக் கேள்வி

இனி வீட்டுக்கு வருவோம். வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று கல்லூரி போகும் பிள்ளைகள் கிட்டாரும் கீபோர்டுமாகத் திரிகிறார்கள். "பாட்டு சோறு போடுமா?" என்று தகப்பனார் கேட்கிறார். அவர் கேட்பதில் தவறில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்து, பரீட்சை எழுதி, ஓர் அறையில் நாலு பேராகத் தங்கி, வேர் பிடித்தவர் அவர். மாதச் சம்பளம் என்ற தூண் இல்லாமல் அயலூரில் வீடு நிற்காது என்பது அவர் பட்டறிந்த உண்மை.

ஆனால் இரண்டு தவறுகளை அவர் தவிர்க்கவேண்டும். முதல் தவறு, கிட்டாரைப் பிடுங்கிப் பரணில் போடுவது. டாக்டர் பட்டம் வாங்கிய ராகுல் ராம் படிப்புக்கும் பாட்டுக்கும் பகை இல்லை என்பதற்கு அத்தாட்சி. ஆபீஸ் விட்டு வந்து இரண்டு மணி நேரம் வாசித்தால் உத்தியோகம் ஓடிப்போகாது.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது. டெலிவிஷன் போட்டியில் ஒரு குழந்தை பாடிப் பரிசு வாங்குவதைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளையும் ஒரே பாட்டில் உச்சிக்குப் போகவேண்டும் என்று கடன் வாங்கிச் செலவழிப்பது. ஓராண்டில் பெயர் வரவில்லை என்றால் பிள்ளையைத் திட்டுவது. பெயர் வரப் பத்து ஆண்டு ஆகும், வராமலும் போகலாம். அதற்குச் சம்மதித்துப் பழகுபவனுக்குத்தான் இந்தத் தொழில். சம்மதம் இல்லாதவன் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் மனநிறைவுக்கு வாசிக்கட்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. இந்தி மேடையில் தமிழ்ப் பாட்டை எடுக்க அவர்கள் கூசுகிறார்கள். "யாருக்குப் புரியும்?" என்கிறார்கள். அராமிக் மொழிப் பிரார்த்தனை டில்லிக்குப் புரிந்தது என்றால், அம்மா பாடிய தாலாட்டும் ஊர்த் திருவிழாப் பாட்டும் புரியாமல் போய்விடுமா? ஊரார் பாட்டைப் போலப் பாடுபவர் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. தன் வீட்டிலிருந்து ஒரு பாட்டைக் கொண்டுவருபவனுக்குத்தான் மேடையில் தனி இடம் கிடைக்கும்.

ஒரு பாட்டு கதவைத் திறக்கும். உள்ளே போய்க் குடித்தனம் நடத்துவது தினசரிப் பழக்கமும் ஒற்றுமையும்தான். இவ்விரண்டும் இருக்கிற பிள்ளையைப் பெற்றோர் தடுக்கவேண்டாம். இல்லாத பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.