மாத்திரை கொடுத்தோம், மனிதரைத் தொடரவில்லை

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் நாங்கள் எல்லோருமாக ஒப்புக்கொள்ள வேண்டியது இது: வந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தோம், சர்க்கரை கட்டுக்குள் வந்ததா என்று பார்க்கவில்லை.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். கூட்டத்தைக் காரணம் காட்டுவது எங்களுக்குச் சுலபம். ஆனால் ஒருவரின் சர்க்கரை போன மாதம் 240, இந்த மாதம் 252 என்று நோட்டில் எழுதிவிட்டு, அதே மெட்ஃபார்மினை அதே அளவில் கொடுத்தனுப்பியது கூட்டமல்ல, நாங்கள்தான்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்றைய நிலவரத்தை மட்டுமே சொல்லும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது தெரிந்தும், "சுகர் நார்மல்" என்று அனுப்பிவைத்தோம். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்திருந்தால், சோறும் இட்லியும் ஏற்றிய அளவு தெரிந்திருக்கும். ஏறக்குறைய 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை உரிய காலத்தில் கேட்கவில்லை. கேட்டபோதும், ரத்தசோகை அந்த எண்ணைப் பிசகச் செய்யும் என்பதை மறந்தோம்.

செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தது எத்தனை பேருக்கு? ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். கண் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினோம். போனாரா என்று விசாரிக்கவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. அது பெரிய காரியம். மாத்திரைதான் போய்ச் சேருகிறதே என்று நாங்கள் கண்ணயர்ந்தது எங்கள் தவறு. வராதவர்களை 'அலட்சியக்காரர்' என்றோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பசியோடு பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்க முடியாதவர் அவர் என்று யோசிக்கவில்லை.

இனி, அளவு மீறிய எண்ணை நோட்டில் எழுதும் அன்றே அதற்கு என்ன செய்தோம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். தவணை தவறியவர்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துப் போனில் பேச வேண்டும். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று மாதக் கடைசியில் பெருமையாகக் கூட்டிப் பார்க்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்.