பையா, துணியா? முதலில் மூச்சைப் பாருங்கள்

மாணவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் போர்ட் கிள்ளான் தஞ்சோங் ஹராப்பான் பக்கம் காற்று வாங்கப் போனால், கைக்குழந்தையோடு வரும் குடும்பங்களைச் சற்றுக் கவனியுங்கள். மலாய்த் தாய் ஒருவர் பாத்தேக் துணியைத் தோளின் குறுக்கே போட்டு, அதற்குள் குழந்தையை வைத்திருப்பார். சீனப் பாட்டி ஒருவர் நான்கு நாடாக்கள் தைத்த சதுரத் துணியால் பேரனை முதுகோடு கட்டியிருப்பார். இளம் தந்தை ஒருவர் கொக்கியும் வாரும் நிறைந்த பேபி கேரியரை மார்பில் மாட்டியிருப்பார். நம்மவர் பலர் எதுவுமே இல்லாமல், குழந்தையை இடுப்பில் உட்கார வைத்துக்கொண்டு நடப்பார்கள்.

இவற்றில் எது சிறந்தது? கடைக்காரரைக் கேட்டால் விலை உயர்ந்ததைக் காட்டுவார். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், “உன்னையெல்லாம் எதில் வைத்து வளர்த்தோம்?” என்பார்கள். இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. விலையும் பழக்கமும் குழந்தையின் உடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூச்சு, இடுப்பு, பாரம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குத் தேவையான அறிவியல் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

‘எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?’ என்று நினைக்க வேண்டாம். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனதும் தம்பியையோ, அக்கா பிள்ளையையோ தூக்கி வைத்துக்கொள்ளும் கைகள் உங்களில் பலருடையவை. ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூச்சு

பிறந்த குழந்தையின் தலை, அதன் மொத்த உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் வலு கழுத்துத் தசைகளுக்கு முதல் சில மாதங்களில் இருப்பதில்லை. துணிக்குள் குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சில் பட்டுவிட்டால், மூச்சுப் பாதை மடங்கிக் குறுகும்.

ஓர் உறிஞ்சுகுழலை எடுத்து நடுவில் லேசாக மடக்கி ஊதிப் பாருங்கள். கொஞ்சம்தான் மடக்கினீர்கள், ஆனால் காற்று எவ்வளவு குறைந்துவிடுகிறது! குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் சீராகச் செல்லும் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதே காரணம். பெரியவர்களின் அகன்ற மூச்சுக்குழாயில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. கைக்குழந்தையின் மூச்சுக்குழாயோ சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் உயிர்.

இது வெறும் கணக்கல்ல. 2010 மார்ச் மாதத்தில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், தோளில் தொங்கும் சிலிங் வகைகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இவற்றோடு தொடர்புடைய வகையில் இறந்திருந்தார்கள். அவர்களில் 12 பேர் நான்கு மாதத்துக்கும் குறைவானவர்கள். அதே மாதம் இன்ஃபான்டினோ நிறுவனத்தின் பத்து லட்சம் சிலிங் பைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஆழமான பைபோல் தொங்கிய அந்த வடிவத்தில் குழந்தை ‘C’ எழுத்தைப்போல் வளைந்து கிடக்கும். முகம் துணியில் புதையும். மூச்சு முட்டும் சின்னக் குழந்தையால் அழுது கூப்பிடவும் முடியாது. வெளியே பார்ப்பவருக்கு, ‘பிள்ளை அமைதியாகத் தூங்குகிறது’ என்றே தோன்றும்.

கவனியுங்கள். திரும்பப் பெறப்பட்டவை கடையில் வாங்கிய புதுப் பைகள். அதற்காகப் பழைய பாத்தேக் துணி தப்பித்தது என்று பொருளில்லை. தளர்வாகக் கட்டி, அடிவயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டால் அதிலும் குழந்தை இதே ‘C’ வடிவில்தான் சுருளும். இரண்டு பக்கமும் துணி உயர்ந்து முகத்தை மூடும் தூளிக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: தாடை எங்கே இருக்கிறது? மூக்கு தெரிகிறதா?

இடுப்பு

பிறக்கும்போது இடுப்பு மூட்டின் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்புதான். தொடை எலும்பின் பந்து போன்ற தலை அந்தக் கிண்ணத்தில் சரியாக அமர்ந்திருந்தால், கிண்ணம் அதைச் சுற்றிக் குழிவாக வளரும். கால்களை நீட்டிச் சேர்த்துக் கட்டினால், பந்து கிண்ணத்தின் விளிம்பை நோக்கித் தள்ளப்படுகிறது.

ஜப்பானில் ஒரு காலத்தில் பச்சிளம் குழந்தைகளின் கால்களை நேராக நீட்டித் துணியால் சுற்றிக் கட்டுவது வழக்கம். நம் நாட்டில் மலாய்க்காரர்கள் ‘பெடோங்’ என்று சொல்வதை ஒத்தது. 1970களில் அங்கே, ‘காலை நீட்டிக் கட்டாதீர்கள்’ என்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். முன்பு நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு மேல் வந்த இடுப்பு மூட்டு விலகல், ஆயிரத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. மருந்து இல்லை, அறுவை இல்லை; கட்டும் விதத்தை மாற்றினார்கள்.

கேரியருக்கும் இதே விதி பொருந்தும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயரமாகவும், தொடைகள் இரு பக்கமும் விரிந்தும் இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் ‘M’ எழுத்துபோலத் தெரியும். சில கேரியர்களில் கால்களுக்கு நடுவே ஒரு குறுகிய பட்டைதான் இருக்கும், கால்கள் தொங்கும். நல்ல நலத்தோடு பிறந்த குழந்தையைச் சிறிது நேரம் அப்படி வைத்ததால் இடுப்பு கெட்டுவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அன்றாடம் மணிக்கணக்கில் பயன்படுத்தப் போகிறோம் என்றால், தொடையை முழங்கால்வரை தாங்கும் அகலமான இருக்கையைத் தேர்ந்தெடுப்பதே அறிவு.

இங்கே நம் பழக்கத்துக்கு ஒரு பாராட்டு. நம் அம்மாக்கள் ஓரளவு தலை நின்ற குழந்தையை ஒக்கலில் வைக்கும்போது, அது இரு கால்களையும் விரித்து அவர்கள் இடுப்பைக் கவ்விக்கொள்கிறது. அது ஏறக்குறைய அந்த ‘M’ வடிவம்தான்.

பாரம்

இனி சுமப்பவரின் பக்கம். விசையின் திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று படித்திருப்பீர்கள். 8 கிலோ குழந்தையின் எடை ஏறக்குறைய 80 நியூட்டன். கேரியரை இறுக்கமாகக் கட்டி, குழந்தையின் ஈர்ப்பு மையம் உங்கள் முதுகெலும்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் திருப்புத்திறன் 16 நியூட்டன் மீட்டர். தளர்ந்து 30 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போனால் 24. முதுகுத் தசை முதுகெலும்புக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில் இழுக்கிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டால், முதல் நிலையில் தசை 320 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும், இரண்டாவதில் 480. அதே குழந்தைதான். பத்துச் சென்டிமீட்டர் தளர்ச்சிக்கு உங்கள் முதுகு கொடுக்கும் விலை, கூடுதலாகப் 16 கிலோவைத் தூக்குவதற்குச் சமம்.

வார் குறுகியிருந்தால் அழுத்தம் கூடித் தோளை அறுக்கும். அகலமாக விரித்த துணி அதே எடையைப் பெரிய பரப்பில் பரப்பிவிடும். இடுப்புப் பட்டை உள்ள கேரியர் பாரத்தின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கிவிடுகிறது. சிலிங்கோ ஒரே தோளில் தொங்குவதால், பத்து நிமிடக் கடைவேலைக்குச் சரி. ஒரு மணி நேர நடைக்குத் தோள் கெஞ்சும்.

எதுவுமே இல்லாமல் கையில் தூக்குவது மட்டும் எளிதா? 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், துணியின் உதவியோடு சுமப்பதைவிடக் கையில் ஏந்தி நடப்பதற்குச் சராசரியாக 16 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாவது தெரிந்தது. ஆதி மனிதர் செய்த முதல் கருவிகளில் குழந்தையைச் சுமக்கும் துணியோ தோலோ ஒன்றாக இருந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். சரவாக்கில் காயான், கென்யா மக்கள் மணி கோத்து அழகுபடுத்தும் குழந்தைச் சுமையைப் பார்த்தால், அந்தக் கருவி எவ்வளவு மதிப்போடு போற்றப்பட்டது என்பது விளங்கும். 1960களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தொண்டு செய்த ஆன் மூர் என்ற அமெரிக்கத் தாதி, அங்குள்ள தாய்மார் துணியால் பிள்ளைகளை முதுகில் கட்டுவதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தம் தாயின் துணையோடு செய்த கேரியருக்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். கடையில் ‘புதுமை’ என்று விற்கும் பொருளுக்குள்ளும் யாரோ ஒரு பாட்டியின் துணி மறைந்திருக்கிறது.

சரி, எதை வாங்குவது?

முதல் மூன்று, நான்கு மாதங்களுக்கு: குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்தி, உடலோடு ஒட்டி இறுக்கமாகக் கட்டக்கூடிய நீளத் துணி அல்லது பிறந்த குழந்தைக்கென்று அளவு மாற்றக்கூடிய கேரியர். ஆழமான பை வடிவச் சிலிங் வேண்டவே வேண்டாம்.

தலை நின்று, உட்காரப் பழகிய பிறகு: அன்றாட நடைக்கு இடுப்புப் பட்டையும் அகல இருக்கையும் உள்ள கேரியர், அல்லது அதே வேலையைச் செய்யும் நான்கு நாடாச் சதுரத் துணி. முதுகில் கட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்; முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் பச்சிளம் குழந்தையை வைக்கக் கூடாது. சட்டென்று தூக்கி இறக்கும் வேலைக்கு ஒக்கலில் தாங்கும் பாத்தேக் துணி போதும்.

ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் விற்கும் கேரியரில் மெத்தையும் கொக்கியும் கூடுதல். கட்டத் தெரியாதவருக்கு அது வசதிதான். ஆனால் சரியாகக் கட்டிய பருத்தித் துணி மேற்சொன்ன மூன்று சோதனையிலும் தேறும். நம் ஊர் வெயிலில் இரண்டு உடல்கள் ஒட்டியிருக்கும்போது தடித்த மெத்தையைவிட மெல்லிய பருத்தியே வியர்வையை ஆற்றும். ஆகவே கையில் பணம் குறைவான குடும்பம் தாழ்ந்துபோக வேண்டியதில்லை. கட்டும் முறையைக் கற்றுக்கொள்ளாமல் விலை உயர்ந்ததை வாங்கியவரைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன்.

எதைக் கட்டினாலும் ஐந்தைச் சரிபாருங்கள்: துணி இறுக்கமாக இருக்கிறதா? முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறதா? குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்கிறதா? தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறதா? முதுகு தாங்கப்பட்டிருக்கிறதா?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்

கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவதை நம் வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கிறேன். கட்டியிருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கணக்குப் போடுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். மோதலில் 0.1 நொடிக்குள் வேகம் சுழியமானால், 8 கிலோ குழந்தையின் மீது 1,100 நியூட்டனுக்கு மேல் விசை செயல்படும்; 110 கிலோ பாரத்துக்குச் சமம். எந்தத் துணியின் முடிச்சும், எந்தக் கொக்கியும் அதற்காகச் செய்யப்படவில்லை. விழும்போது பெரியவரின் உடலும் சேர்ந்து குழந்தையின் மேல் விழும்.

காரிலும் அப்படியே. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் காரில் குழந்தை இருக்கை கட்டாயமானது. மடியில் கேரியரோடு அமர்வது அதற்கு மாற்றாகாது. கேரியர் என்பது நடக்கும் வேகத்துக்கு மட்டுமே.

இந்த வாரம் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். 5 கிலோ அரிசிப் பொட்டலத்தைப் பள்ளிப் பையில் வைத்து, வாரைத் தளர்த்தி மார்புப் பக்கமாக மாட்டி ஐந்து நிமிடம் நடங்கள். பிறகு வாரை இறுக்கி, மேலே தூக்கி மாட்டி நடங்கள். திருப்புத்திறன் என்றால் என்னவென்று முதுகு சொல்லித் தரும். சோதனைக்கு அரிசி மட்டும்தான். தம்பி, தங்கையை எடுக்காதீர்கள்!

அடுத்த முறை வீட்டில் பிள்ளையைத் துணியில் வைக்கும்போது அருகில் போய்ப் பாருங்கள். தாடை நெஞ்சில் பட்டிருந்தால், “பாட்டி, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைங்க, மூச்சு நல்லா வரட்டும்” என்று தயங்காமல் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை சொல்கிறதே என்று முதலில் சிரிக்கலாம். காரணத்தை விளக்குங்கள், உறிஞ்சுகுழலை மடக்கிக் காட்டுங்கள். பாட்டிக்கும் புரியும்.