மணமகள் கண் விழித்தாள். ஆலைத் தொழிலாளி என்ன ஆனான்?

பேய்ப் படம் என்றால் நம் தோழர்கள் பலர் சிரித்து ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் காட்டிக் காசு பறிக்கிற வேலை என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் 1932-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பேய்ப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஆலையில் ஒரு நாள் நின்றவன்கூட அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டான்.

படத்தின் பெயர் ‘ஒயிட் ஜாம்பி’. ஜாம்பி என்றால் செத்த பிறகு மந்திரத்தால் எழுப்பப்பட்டு, மனமும் நினைவும் இல்லாமல் நடமாடும் பிணம். படத்தை எடுத்தவர் விக்டர் ஹால்பெரின். பெரிய கம்பெனிப் படம் அல்ல. கையில் இருந்த சொற்பப் பணத்தில், மற்றப் படங்களுக்குப் போட்ட அரங்குகளை இரவல் வாங்கி, இரண்டே வாரத்துக்குள் எடுத்து முடித்தது. மந்திரவாதி லெஜாண்டராக நடித்தவர், ‘டிராகுலா’ படத்தால் பெயர் பெற்ற பேலா லுகோசி. கதை நடக்கும் இடம் கரிபியன் கடலிலுள்ள ஹைட்டி நாடு.

போமாண்ட் என்ற தோட்ட முதலாளி, இன்னொருவனுக்கு நிச்சயமான மாட்லின் என்ற பெண்ணின்மேல் ஆசை வைக்கிறான். மந்திரவாதியின் உதவி கேட்டு அவனுடைய சர்க்கரை ஆலைக்குப் போகிறான். அங்கேதான் நாம் சொன்ன காட்சி வருகிறது.

ஆலையை ஓட்டுவது நீராவி அல்ல, பிணங்கள். பெரிய சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகின்றன. கூடை கூடையாகக் கரும்பைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மரம் உராய்ந்து முனகும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஒருவன் கால் தவறி அரைக்கும் கிடங்குக்குள் விழுகிறான். அவன் வாயிலிருந்து கூச்சல் வரவில்லை. பக்கத்தில் நடப்பவன் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரம் நிற்கவில்லை. இவர்கள் விசுவாசமாக வேலை செய்வார்கள், நேரம் நீண்டால் கவலைப்பட மாட்டார்கள், உன் தோட்டத்துக்கும் இப்படிப்பட்ட ஆட்கள் வேண்டுமா என்று மந்திரவாதி கேட்கிறான். கூலி கேட்காத, ஓய்வு கேட்காத, சங்கம் வைக்காத ஆள்! எந்த முதலாளிதான் இதைக் கனவு காணவில்லை?

இவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டு, படம் எப்படி முடிகிறது?

மாட்லினுக்கு மருந்து கொடுத்து அவளையும் நடைப்பிணம் ஆக்குகிறார்கள். அவள் கணவனும் ஒரு பாதிரியாரும் மந்திரவாதியின் கோட்டைக்குத் தேடி வருகிறார்கள். மந்திரவாதி அடிபட்டு மயங்குகிறான். ஏவ ஆளில்லாமல் அவனுடைய காவல் பிணங்கள் ஒவ்வொன்றாக நடந்து மலை விளிம்பிலிருந்து கடலில் விழுகின்றன. கடைசியில் தோட்ட முதலாளி மனம் திருந்தி, மந்திரவாதியைத் தள்ளிவிட்டுத் தானும் விழுந்து சாகிறான். மந்திரம் அறுகிறது. மணமகள் கண் விழிக்கிறாள். பாதிரியார் நெருப்பு கேட்டு வந்து நிற்கிறார். படம் முடிந்தது.

ஆலை எங்கே? மந்திரவாதி செத்தால் மந்திரம் அறும் என்றால், சக்கரம் தள்ளியவர்களும் விழித்திருக்க வேண்டுமே! அவர்கள் விழித்தார்களா, விழுந்தார்களா, இன்னும் தள்ளுகிறார்களா? படம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பிணமானால் அது பயங்கரம். கறுப்புத் தொழிலாளர் கூட்டமே பிணமானால் அது அரங்கக் காட்சி! வில்லனை ஒழித்த புண்ணியத்தையும் தோட்ட முதலாளிக்கே கொடுத்துவிட்டார்கள்.

பேய்ப் படத்திடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று சிலர் சொல்லக்கூடும். கேள்வியைக் கிளப்பியது படம்தான். பதில் சொல்லாமல் ஓடியதும் படம்தான். காசு போதாதது காரணமல்ல. ஆலைக் காட்சியையும் அதே காசில்தானே எடுத்தார்கள்?

நல்ல முடிவு அவர்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் 1929-ல் ஹைட்டியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜாம்பி என்ற சொல்லை அமெரிக்காவில் பரப்பியதும், இந்தப் படத்துக்கு வித்திட்டதும் அந்த நூல்தான். ஹைட்டி மக்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் குறை அதில் உண்டு. ஆனாலும் அங்கே கேட்ட ஒரு கதையை அவர் எழுதி வைத்திருக்கிறார். 1918-ல் ஒரு கங்காணி, பிணங்களை எழுப்பி ‘ஹாஸ்கோ’ என்ற அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் கரும்புக் காட்டில் வேலைக்கு விடுகிறான். கூலியைத் தானே வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாத உணவு மட்டுமே கொடுக்க வேண்டும். ஒரு திருவிழா நாளில் அவன் மனைவி இரக்கப்பட்டு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாள். அதிலிருந்த பருப்பில் உப்பு. நாக்கில் உப்புப் பட்டதும் தங்கள் நிலை அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஓவென்று கதறிக்கொண்டு ஊரை நோக்கி நடக்கிறார்கள். எவராலும் தடுக்க முடியவில்லை. தங்கள் கல்லறைக்கே போய்ச் சேருகிறார்கள். உறவினர் கங்காணியின் கணக்கைத் தீர்க்கிறார்கள்.

உப்புப் போட்டுச் சோறு தின்றவனுக்கு ரோஷம் வரும் என்று நாம் சொல்கிறோம். ஹைட்டி விவசாயியும் தன் மொழியில் அதையேதான் சொல்லியிருக்கிறான்!

அவன் சும்மா சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அந்த மண்ணின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகக் கிடந்தவர்கள் 1791-ல் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-ல் நாட்டையே விடுவித்தார்கள். செத்த பிறகும் தோட்ட வேலை தொடருமோ என்பதுதான் அடிமையின் பெரிய பயம். ஜாம்பிக் கதையில் இருப்பது அந்தப் பயம்.

படம் எடுத்த 1932-ல் ஹைட்டியில் ஆட்சி செலுத்தியது மந்திரவாதி அல்ல, அமெரிக்கத் துருப்பு. 1915-ல் இறங்கியது, 1934-ல்தான் வெளியேறியது. விவசாயிகளைப் பிடித்துக் கட்டாய வேலையில் சாலை போட வைத்தது. எதிர்த்துப் போராடிய சார்லமேன் பெரால்ட் 1919-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். இதில் ஒரு வரிகூடப் படத்தில் இல்லை. அந்த நிலையில் ஆலைப் பிணங்கள் விழித்துக்கொள்வதாகக் காட்ட ஹாலிவுட்டுக்கு எப்படி மனம் வரும்?

இன்று இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. நம் மன்றங்களில் போட்டுப் பார்க்க வேண்டிய படம்தான். ஆலைக் காட்சி முடிந்ததும் விளக்கைப் போட்டு, உப்புக் கதையை யாராவது ஒரு தோழர் எடுத்துச் சொல்லட்டும். ஹால்பெரின் எடுக்காமல் விட்ட முடிவு அதுதான்.